டிமென்ஷியா உள்ள அப்பா உயில் எழுதலாமா? டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் போதுமா?

பொன்மலைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 78. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சைமர், ஆரம்ப நிலை என்று போன வருடம் நரம்பியல் டாக்டர் சொன்னார், மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. எம்எம்எஸ்இ என்ற ஞாபகசக்திச் சோதனையில் 30க்கு 21 என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. காலையில் தெளிவாகப் பேசுவார், பேப்பர் படிப்பார், பென்ஷன் எவ்வளவு என்று சரியாகச் சொல்வார். சாயங்காலம் ஆனால் தடுமாற்றம், எங்கே இருக்கிறோம் என்பதே சில நாள் மறந்துவிடும்.

பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. அம்மா தவறிய பிறகு தங்கைதான் திருச்சி வீட்டில் அப்பாவுடன் இருந்து எல்லாம் பார்க்கிறாள். வீட்டைத் தங்கைக்கே எழுதிவிட வேண்டும் என்று இந்த நோய் வருவதற்கு முன்பிருந்தே அப்பா சொல்லிவருகிறார். எனக்கு முழுச் சம்மதம். அண்ணனுக்கு இல்லை. "மூளை நோய் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், இனி அவர் எதில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, மீறிச் செய்தால் கோர்ட்டுக்குப் போவேன்" என்கிறார். அண்ணன் சொல்வது சட்டப்படி சரியா? அப்பாவின் விருப்பத்தை நிறைவேற்ற வழி இருக்கிறதா, இல்லை காலம் கடந்துவிட்டதா?

மதுரை வக்கீல்:

உங்கள் அண்ணன் சொல்வது சட்டம் இல்லை தம்பி. நோயின் பெயரை வைத்து யாருடைய கையெழுத்தும் தானாகச் செல்லாததாகிவிடாது.

உயிலுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 59ஆம் பிரிவு. மேஜரான, நல்ல மனநிலையில் உள்ள யாரும் உயில் எழுதலாம். அதன் விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். வழக்கமாக மனநிலை சரியில்லாதவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவெளியில் எழுதும் உயில் செல்லும். நோயாலோ போதையாலோ வேறு காரணத்தாலோ, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் எழுதியது செல்லாது. ஒப்பந்தங்களுக்கு 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் இதே போக்குதான்: ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில், அது என்ன என்று புரிந்து, தன் நலனை அது எப்படிப் பாதிக்கும் என்று யோசித்து முடிவெடுக்க முடிந்ததா என்பதே கேள்வி. மனநல விடுதியில் இருக்கும் நோயாளி தெளிவாக உள்ள நேரத்தில் செய்யும் ஒப்பந்தம் செல்லும், நல்ல மனிதர் கடும் காய்ச்சலில் பிதற்றும்போது செய்வது செல்லாது என்று சட்டத்திலேயே உதாரணம் உண்டு.

ஆகவே கோர்ட் பார்ப்பது அந்த நாள், அந்த நேரம், அந்தப் பத்திரம். போன வருடம் ஃபைலில் என்ன எழுதியிருந்தது என்பது ஒரு சாட்சியம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. வீடு அப்பா சம்பாதித்ததா, பூர்வீகமா? உயிலா, செட்டில்மென்ட்டா (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம்)?

கொங்கு மண்:

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? தெரிந்த டாக்டரிடம் "நல்ல நினைவுடன் இருக்கிறார்" என்று லெட்டர்பேடில் இரண்டு வரி வாங்குங்கள், பத்திரத்தோடு பின் செய்து ரிஜிஸ்தர் ஆபீசில் கொடுங்கள், வேலை முடிந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பத்திர எழுத்தரே டாக்டரையும் ஏற்பாடு செய்து கொடுத்துவிடுவார்.

மருத்துவர், மனநலம்:

அந்த இரண்டு வரிச் சர்டிபிகேட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அதைக் குறித்து வைத்தீர்களா" என்பதுதான். பதில் இல்லையென்றால் அந்தத் தாள் உதவாது என்பது மட்டுமில்லை, ஏதோ மறைப்பதற்காகத் தயாரித்தது போலத் தெரியும், நேர்மையாக எழுதிய உயில்கூட அதனால் கெட்டுப்போகும். உயிலின் ஆரம்பத்தில் வழக்கமாக வரும் "நல்ல ஞாபக சக்தியுடனும் பூரண சித்த சுவாதீனத்துடனும்" என்ற வரிக்கும் இதே கதிதான், எல்லா உயிலிலும் அது இருக்கிறது.

அப்புறம் இந்த 21. எம்எம்எஸ்இ என்பது கிழமை என்ன, 100லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிற மாதிரி சோதனை. படிப்பு குறைந்தவர்களுக்கு மூளை நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறையும், நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகத் தனியாக ஹெச்எம்எஸ்இ என்று ஒன்றை உருவாக்க வேண்டி வந்ததே அதனால்தான். எம்எம்எஸ்இ நோய் எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும். இந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று இவரால் முடிவெடுக்க முடியுமா என்று அது கேட்பதே இல்லை. 21 எடுத்தவர் தெளிவாக உயில் எழுதலாம், 27 எடுத்தவர் பொய்யான சந்தேகத்தின் பிடியில் இருந்து தன் சொந்த மகளையே ஒதுக்கலாம். மதிப்பெண் மிகவும் கீழே போய்விட்டால் மட்டும் கதை வேறு.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். நோயாளியைத் தனியாக உட்கார வைப்பேன், பிள்ளைகள் யாரும் அறையில் இருக்கக் கூடாது, குறிப்பாகச் சொத்து வாங்கப் போகிறவர். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதில் நேரம் போக்காமல் விஷயத்துக்கே வருவேன். உங்களிடம் என்னென்ன இருக்கிறது? பிள்ளைகள் யார் யார், ஒவ்வொருவரும் என்ன நிலையில் இருக்கிறார்கள்? உயில் என்றால் என்ன, அது எப்போது நடப்புக்கு வரும்? இதற்கு முன் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? இந்தப் பிள்ளைக்கு ஏன் கூடுதல், அந்தப் பிள்ளைக்கு ஏன் இல்லை? அவர் மனது வருத்தப்படாதா, வழக்குப் போட்டால் என்ன ஆகும்? ஆமாம், இல்லை என்று தலையாட்டும்படி கேட்கவே மாட்டேன், "மகளுக்குத்தானே கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி அதே கேள்விகளைக் கேட்பேன். என்னைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லாமல் போகலாம், பரவாயில்லை, முடிவும் காரணமும் மாறாமல் வருகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

1870இல் இங்கிலாந்தில் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ என்ற வழக்கில் நீதிபதி காக்பர்ன் வகுத்த சோதனையும் ஏறத்தாழ இதுதான். உயில் எழுதியவருக்கு, இறந்துபோன ஒருவர் தன்னைத் துரத்துகிறார், பேய்கள் தொந்தரவு செய்கின்றன என்ற நம்பிக்கை கடைசிவரை இருந்தது. சொத்து, அவருடன் கூடவே இருந்த உடன்பிறந்தவரின் மகளுக்குப் போனது. அந்தப் பிரமைக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் உயில் செல்லும் என்றார்கள்.

பொன்மலைப் பிள்ளை:

நன்றி டாக்டர், நன்றி வக்கீல் சார். வீடு அப்பா பி.எஃப். பணத்திலும் லோனிலும் கட்டியது, பூர்வீகம் இல்லை. உயிலா செட்டில்மென்ட்டா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, பத்திர எழுத்தர் செட்டில்மென்ட்தான் நல்லது, உயில் என்றால் பின்னாடி வழக்கு வரும் என்றார்.

நீங்கள் பிரமை பற்றி எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. சில மாதங்களாக அப்பா, பாஸ்புக்கை அண்ணன் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று அடிக்கடி சொல்கிறார். அது பீரோவில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் அப்போதைக்குச் சரி என்பார், மறுநாள் திரும்பவும் ஆரம்பிப்பார். அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. இது உயிலைப் பாதிக்குமா?

மருத்துவர், மனநலம்:

பாதிக்கலாம். அல்சைமரில் இந்தத் திருட்டுச் சந்தேகம் மிகவும் சாதாரணம். வைத்த இடம் மறந்துவிடுகிறது, பொருள் காணவில்லை, யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மனது முடிவுகட்டிக்கொள்கிறது.

"மூத்தவனுக்கு ஏன் வீட்டில் பங்கு இல்லை" என்று யாரும் எடுத்துக்கொடுக்காமல் கேட்டால் அப்பா என்ன சொல்வார்? "அவன் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் செய்தாச்சு, அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, இவள்தான் என்னோடு கஷ்டப்படுகிறாள்" என்று சொன்னால் அது உண்மையான காரணம். அந்த விருப்பம் நோய்க்கு முன்பே இருந்தது என்பது மிகப் பெரிய பலம், அப்போது யாரிடம் சொன்னார், எங்காவது எழுதி வைத்தாரா என்று தேடிப் பாருங்கள். மாறாக, "அவன் திருடன், பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு எதுக்கு வீடு" என்றுதான் ஒவ்வொரு தடவையும் வருகிறது என்றால், அந்த முடிவை எடுப்பது உங்கள் அப்பா இல்லை, நோய். அப்படியென்றால் தகுதி இருக்கிறது என்று நான் எழுதித் தர மாட்டேன், உங்களுக்கும் தங்கைக்கும் எவ்வளவு வருத்தமாக இருந்தாலும். இதைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. திடீரென்று இந்தச் சந்தேகம் கூடியிருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றால் வரும் குழப்பம் சரிசெய்யக்கூடியது. அது இருக்கும்போது யாரையும் பரிசோதித்து முடிவு சொல்லக் கூடாது.

வைகைத் தென்றல்:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் பாட்டிக்கு எங்களையே அடையாளம் தெரியாத நிலை. கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு மாமா காரில் ஏற்றிக்கொண்டு போய் ரிஜிஸ்தர் ஆபீசில் கைநாட்டு வாங்கிவிட்டார். அங்கே பெயர் என்ன, சம்மதமா என்று கேட்டார்களாம், பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டினாராம். பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவில், மனநிலை சரியில்லாதவர் என்று தோன்றினால் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் வரிசையில் ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் யார் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறார்கள்? வழக்கு இன்னும் நடக்கிறது, பாட்டி இல்லை.

அதனால் பொன்மலை அண்ணா, உங்கள் அண்ணன் கேள்வி கேட்பதை மட்டும் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பதற்கு நேரான பதில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்பவரே சொத்தையும் வாங்கும்போது யாராவது ஒருவர் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

மதுரை வக்கீல்:

வைகைத் தென்றல் சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1959இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை. உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலை இருந்தால், உயில் செல்லும் என்று கோர்ட்டில் முன்வைக்கிறவர்தான் அந்தச் சந்தேகத்தை நீக்க வேண்டும். எழுதியவரின் மனநிலை பலவீனமாக இருந்தது, பலன் பெறுபவரே முன்னின்று உயிலை ஏற்பாடு செய்தார், இயற்கையான வாரிசைக் காரணமே சொல்லாமல் விட்டது, இவையெல்லாம் சந்தேகம் கிளப்புபவை. பதிவு செய்த உயில் என்றாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

அதனால் தங்கை இதில் எதையும் ஏற்பாடு செய்யக் கூடாது. வக்கீலுக்குப் போன் செய்வது, டாக்டருக்குப் பணம் கட்டுவது, காரில் அழைத்துப் போவது, எதுவும் வேண்டாம். பலன் இல்லாதவர் நீங்கள், நீங்கள் செய்யுங்கள். உயில் அப்பா வார்த்தையில், எளிமையாக, ஒரு பக்கத்தில் முடியட்டும். மூத்த மகனுக்கு ஏன் இல்லை என்ற காரணம் அவர் சொல்கிறபடியே அதில் வர வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை, பின்னால் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே அப்பா வயதுக்காரர்களைப் போடாமல் வயதில் இளையவர்களாக, குடும்பத்துக்கு வெளியே, முடிந்தால் பரிசோதித்த டாக்டரே ஒரு சாட்சியாக இருக்கட்டும். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் வழி உண்டு. வீடியோ எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதில் யாராவது பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

செட்டில்மென்ட் பற்றி நான் பத்திர எழுத்தரோடு ஒத்துப்போகவில்லை. செட்டில்மென்ட் பதிவானதும் வீடு அப்பா கையை விட்டுப் போய்விடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயில் என்றால் அவர் இருக்கும்வரை அவர் வீடுதான், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உடனே எல்லாம் போய்விடும் முடிவை எடுக்க அதற்கேற்ற தெளிவு இருந்ததா என்று கோர்ட் இன்னும் கூர்மையாகப் பார்க்கும். முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007, 23ஆம் பிரிவு, கவனிப்பேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிக் கைவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது, ஆனால் அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பவர் பத்திரம், அதாவது அவர் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுப்பது, என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் விடுங்கள். பவர் கொடுத்தவருக்கு மனநிலை சரியில்லாமல் போனால் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும், எப்போது தேவையோ அப்போது அது இருக்காது.

லண்டன் வாசி:

நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்தக் கடைசி விஷயத்துக்கு இங்கிலாந்தில் தீர்வு இருக்கிறது. 2005ஆம் வருட மனத்திறன் சட்டப்படி, தெளிவாக இருக்கும்போதே ஒருவரை நியமித்து அதிகாரம் கொடுத்துப் பதிவு செய்துவைக்கலாம், திறன் போன பிறகும் அது நிற்கும். அதே சட்டத்தின் ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பதை எங்களுக்கு வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லித் தருவார்கள்: நிரூபிக்கும்வரை எல்லோருக்கும் திறன் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், புரிய வைக்க எல்லா உதவியும் செய்து பார்த்த பிறகே முடியவில்லை என்று சொல்லலாம், ஒருவர் முட்டாள்தனமான முடிவு எடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது.

உதவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. காது மிஷின் போட்டிருக்கிறாரா, கண்ணாடி இருக்கிறதா, அவருக்குப் பழக்கமான மொழியில் பேசுகிறோமா, டிவியை அணைத்தாயிற்றா. இங்கே தமிழ் முதியவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று எழுதிவிடுவார்கள், நான் உட்கார்ந்து தமிழில் கேட்டால் முழுக்கதையும் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும் விஷயம் இது.

விடிவெள்ளி:

எனக்கு பைபோலார். பல வருடமாக மருந்து எடுக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வரி கட்டுகிறேன். பாகப் பிரிவினை வந்தபோது "அவன் மெண்டல், அவன் கையெழுத்து செல்லாது, வேறு ஆள் போடட்டும்" என்று உறவுக்காரர்கள் என் முன்னாலேயே பேசினார்கள். 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் 3ஆம் பிரிவில், மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதால் மட்டுமே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், தகுந்த நீதிமன்றம் அறிவித்தால்தான் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இந்த இழையைப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சேலம் வாசகி:

கேள்வி ஒன்று. என் அத்தைக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது, பேச்சே இல்லை. மாமா இல்லை. மருத்துவச் செலவுக்கு அவர் பெயரில் உள்ள மனையை விற்க வேண்டும். நேஷனல் டிரஸ்ட் மூலம் கலெக்டரிடம் கார்டியன் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

மதுரை வக்கீல்:

இல்லைங்க மேடம். 1999ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும். மைனர்களுக்கான 1890 சட்டமும் உதவாது. முன்பு 1987 மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்கும் அத்தியாயம் இருந்தது, 2017இல் புதுச் சட்டம் வந்தபோது அது போய்விட்டது, அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. குடும்பங்கள் இதனால் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். இப்போது நடைமுறையில் உள்ள வழி உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கோமாவில் உள்ளவர்களுக்குக் கார்டியன் நியமிக்க வழிமுறைகள் வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் கார்டியனாக நியமித்துச் சொத்தை விற்கவும் அனுமதித்தது, ஒரு தொகையைக் கணவர் பெயரில் டெபாசிட்டாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மெடிக்கல் போர்டு ரிப்போர்ட், மற்ற வாரிசுகளின் சம்மதம், செலவுக் கணக்கு இவற்றோடு தயாராகப் போங்கள்.

பொன்மலைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. செட்டில்மென்ட் வேண்டாம், உயில்தான் என்று முடிவு செய்துவிட்டோம். தங்கையிடம் பேசினேன், எதிலும் தலையிட மாட்டேன் என்றாள். வைகைத் தென்றல் எழுதியதைப் படித்த பிறகு அண்ணனுக்குப் போன் செய்து, அப்பாவை யார் பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே ஒரு மனநல டாக்டரைச் சொல்லுங்கள், அப்பாவால் முடியாது என்று அந்த டாக்டர் சொன்னால் நான் விட்டுவிடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். முன்பு போல உடனே மறுக்கவில்லை.

அம்மா இருந்தபோது அப்பா எழுதிய பழைய டைரி ஒன்று கிடைத்தது, அதில் வீடு சின்னவளுக்கு என்று ஒரு வரி இருக்கிறது, தேதியோடு. டாக்டரிடம் அதைக் கொடுக்கலாமா? அப்பாவிடம் முன்கூட்டியே காட்டி ஞாபகப்படுத்தலாமா?

மருத்துவர், மனநலம்:

டாக்டரிடம் கொடுங்கள், கட்டாயம். அப்பாவிடம் முன்கூட்டியே காட்ட வேண்டாம். அவர் தானாக என்ன சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் டாக்டரே டைரியைக் காட்டி "இது நீங்கள் எழுதியதா, இப்போதும் இதே எண்ணம்தானா" என்று கேட்கட்டும். அப்பாயின்ட்மென்ட் காலை பத்து மணிக்கு வாங்குங்கள், முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.